பனிமேல் ஒரு புள்ளி

அந்தப் படத்தில் ஒரு ஆள் இருந்தார். நான்தான் அவரை அழித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு கையில் டீ டம்ளர், இன்னொரு கையில் மவுஸ்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அந்த வருடத்துப் பொங்கல் மலர் இன்னும் எங்காவது கிடக்கும். அதன் அட்டையில் இருப்பது என் படம். ஓரமெல்லாம் உறைந்துபோன ஏரி, தண்ணீருக்குள் நீளும் கல் பாதை, அதன் முனையில் பனி மூடிய சின்னக் கலங்கரை விளக்கம். பொங்கலுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள், மலருக்கு ‘ஒளி’ என்று தலைப்பு வைத்தது எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் ஆன்ட்டி. பார்த்தவர்கள் எல்லோரும் என்ன ஒரு அமைதி என்று சொன்னார்கள். எங்கள் வீட்டுப் பிரதி குப்புறத்தான் கிடக்கிறது.

நான் அழித்த ஆள் எங்கள் அபார்ட்மென்டில் மேல் வீட்டுக்காரர். திருநெல்வேலிப் பக்கம். நானும் என் கணவரும் ஈரோடு. அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நாற்பதைத் தாண்டிய, நல்ல வாட்டசாட்டமான மனிதர். இங்கே வீடெல்லாம் மரத்தால் கட்டியது, மேலே அவர் நடந்தால் எங்கள் ஹாலில் விளக்கு லேசாக ஆடும். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், எப்போது சமையலறைக்குப் போனார், எல்லாம் எங்களுக்குத் தெரியும். முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

நவம்பர் முதல் வாரத்தில் அவருக்கு வேலை போனது. எங்களைப்போல் விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் அறுபது நாள் கொடுப்பார்கள். அதற்குள் இன்னொரு கம்பெனி கிடைக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். அவர் மனைவியும் நாலு வயதுப் பெண்ணும் அப்போது ஊரில் இருந்தார்கள். மச்சினன் கல்யாணத்துக்கு என்று தீபாவளிக்கு முன்பே போனவர்கள், ஜனவரியில் திரும்புவதாக இருந்தது. அவர்களிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த அறுபதில் ஐம்பத்து மூன்றாவது நாள் நாங்கள் ஏரிக்குப் போனோம். அன்றைக்கு அவர் உயிர் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வெளிச்சம் சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

முதலில் பெட்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அபார்ட்மென்டில் ஒரு வழக்கம் உண்டு. இந்தியாவுக்கே திரும்புகிறவர்கள் வீட்டுச் சாமானையெல்லாம் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். சோஃபா, கிரைண்டர், குக்கர், குழந்தையின் கார் சீட். அரை மணி நேரத்தில் எல்லாம் போய்விடும். எங்கள் வீட்டில் பாதி அப்படி வந்ததுதான். சோஃபா ஒரு விஜயவாடாக்காரர்களுடையது, சாப்பாட்டு மேஜை விசா மறுக்கப்பட்டுப் போன மதுரைத் தம்பதியுடையது. யாராவது சாமான் கொடுக்க ஆரம்பித்தால் நாங்கள் கேட்கிற ஒரே கேள்வி, டிக்கெட் என்னைக்கு என்பதுதான். வேறு எதுவும் தோன்றாது. இங்கே ஒருவர் எல்லாவற்றையும் கொடுக்கிறார் என்றால் ஊருக்குக் கிளம்புகிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அண்ணா டிசம்பரில் கொடுக்க ஆரம்பித்தார். குரூப்பில் படம் போடவில்லை. அவரே கதவைத் தட்டி ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்துவிட்டு வந்தார். கிரைண்டர் எதிர் வீட்டுக்கு, பாப்பாவின் மூன்று சக்கர சைக்கிள் பின் பிளாக்குக்கு. அவருடைய கேமரா யாருக்கோ போனது, அதை நிறுத்தும் முக்காலி, டிரைபாட், எனக்கு வந்தது. அவர் மனைவியிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம், நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். பாவம், அவமானமாக இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு இரண்டு பெரிய பெட்டிகளைப் படியில் இறக்கிக்கொண்டு வந்தார். நீல நிறம், கெட்டி ரகம். கைப்பிடியில் எடை பார்க்கும் கொக்கித் தராசுகூடத் தொங்கியது. நீங்க கோடையில ஊருக்குப் போறீங்கள்ல, வெச்சுக்கோங்க என்றார். எங்கள் பெட்டியில் ஒன்று போன தடவையே ஏர்போர்ட்டில் பிய்ந்து வந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஹாலில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை உருட்டிப் பார்த்தேன்.

“சக்கரம் நல்லா ஓடுதுல்லண்ணா?”

“நல்லா ஓடும்மா.”

என் கணவரும் பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மண்டைதான் கடவுள் கொடுத்தான் போலிருக்கிறது, அதிலும் உறைக்கவில்லை.

ஏரிக்குப் போகும் யோசனை என்னுடையது. அட்டைப் படம் வேண்டும் என்று செயலாளர் ஆன்ட்டி நச்சரித்துக்கொண்டிருந்தார். வடக்கே நாலரை மணி நேரம் ஓட்டினால் ஒரு ஏரி, அதில் கலங்கரை விளக்கம், குளிர் அதிகமானால் அலை தெறித்துத் தெறித்து அதன் மேலேயே உறைந்துவிடும் என்று படித்திருந்தேன். அந்த டிசம்பரில் குளிர் கொன்றெடுத்தது. என் கணவர் காரை ஓட்டுவார், காரை விட்டு இறங்க மாட்டார். துணைக்கு அண்ணாவைக் கூப்பிட்டேன். ஊருக்குப் போவதற்குள் ஒரு தடவை என்றேன். சரி என்று உடனே வந்துவிட்டார்.

காலை ஒன்பதுக்குக் கிளம்பினோம். நான் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டியிருந்தேன். ஒரு பிளாஸ்க் நிறைய சுக்குக் காபி. அண்ணா பின் சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். மலைப் பாதை முழுக்க வெள்ளை, இரண்டு பக்கமும் இலையில்லாத மரம், வானம் தாழ்ந்து வந்து கார் கூரையில் உட்கார்ந்துவிடும்போல் இருந்தது. வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிற மனிதர் நூறு மைல் வரை பேசவில்லை. அப்புறம் ஒன்று கேட்டார், அந்த ஏரி எவ்வளவு ஆழம் இருக்கும் என்று. என் கணவருக்கு இப்படிப்பட்ட கேள்வி என்றால் அல்வா. ரொம்ப ஆழம் பாஸ், ஓரம்தான் உறையும், நடுவில் எந்தக் குளிரிலும் உறையாதாம் என்று விளக்கிக்கொண்டே வந்தார். அண்ணா ம் கொட்டினார்.

ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். காரில் பதினாலு டிகிரி காட்டியது, நம் ஊர்க் கணக்கில் மைனஸ் பத்து. கதவைத் திறந்ததும் மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைவது தெரிந்தது. பார்க்கிங்கில் எங்கள் காரைத் தவிர இன்னும் ஒரே ஒரு கார். பனியின் மேல் நடக்காதீர்கள் என்று ஒரு மஞ்சள் பலகை. கரையிலிருந்து கல் பாதை நேராகப் போய் விளக்கில் முடிந்தது. அதன் இரண்டு பக்கமும் பனி, விளக்கைத் தாண்டி இன்னும் கொஞ்சம் பனி, அதற்கப்புறம் கறுப்பாகத் தண்ணீர். பனியின் அடியில் தண்ணீர் அசையும்போது ஒரு முனகல் சத்தம் வந்தது. யாரோ வயிற்றுவலியோடு புரள்வதுபோல். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவே இல்லை.

சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம் என்று என் கணவர் கெஞ்சினார். வெளிச்சம் போய்டும், எடுத்துட்டுத்தான் சோறு என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கேமராவைக் கையில் எடுத்தால் பசி தெரியாது, அடுத்தவர் பசியும் தெரியாது.

குளிரில் கேமரா பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். அதனால் இன்னொரு பேட்டரியை உடம்புச் சூடு படும்படி ஜாக்கெட்டின் உள் பாக்கெட்டில் வைத்துக்கொள்வோம். என் பாக்கெட்டில் ஒன்று இருந்தது. இன்னொன்றை அண்ணாவிடம் கொடுத்து, உள்ளேயே வெச்சிருங்க, கேட்கும்போது கொடுங்க என்றேன். வாங்கி நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொண்டார்.

நல்ல கோணம் தேடி அலைந்து டிரைபாடை நிறுத்துவதற்குள் மூன்று மணி ஆகிவிட்டது. அவர் கொடுத்த டிரைபாட். நீங்க எடுங்க, நான் அந்தப் பக்கம் நடந்துட்டு வரேன் என்று சொல்லிவிட்டுக் கல் பாதையில் போனார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் எடுத்த முறையை இங்கே சொல்லியாக வேண்டும். லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் கண்ணை முப்பது வினாடி திறந்தே வைத்திருப்பேன். அப்படி எடுத்தால் அலையெல்லாம் கரைந்து தண்ணீர் பால்போல் ஆகிவிடும், மேகம் இழுபடும். அசையாத பொருள் மட்டும்தான் படத்தில் தெளிவாக விழும். கல், விளக்கு, பனி. இடையில் யாராவது நடந்து போனால் அவர் படத்தில் இருக்கவே மாட்டார், அதிகம் போனால் ஒரு புகை தெரியும். பதினோரு படம் எடுத்தேன். எடுத்த ஒவ்வொரு படத்தையும் கேமரா சரிசெய்து முடிக்க இன்னொரு அரை நிமிடம். அந்த நேரமெல்லாம் நான் கையை அக்குளில் வைத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தேன்.

பதினோராவது படம் முடிந்ததும் பின்னால் ஹாரன் அடித்தது. சும்மா ஒரு தட்டு இல்லை, கையை அழுத்தி வைத்து ஒரு நீள ஹாரன். இந்த நாட்டில் யாராவது ஹாரன் அடித்தால் சண்டைக்கு வருகிறார்கள் என்று அர்த்தம். தூரத்தில் நாயோடு போன ஒரு அம்மாள் நின்று முறைத்தார். என் கணவர்தான். பசி தாங்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்த டிரைபாடைத் தூக்கிக் காரின்மேல் எறிந்திருப்பேன். எத்தனை வருஷம் ஆனாலும் ஊர்ப் புத்தி போகாது என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீடு திரும்பும்வரை அவரோடு பேசவில்லை.

நான் சாமானையெல்லாம் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணா வந்துவிட்டார். உதடு நீலமாக இருந்தது. பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தார். ஐஸ் கட்டிபோல் இருந்தது. உள் பாக்கெட்டில் வைக்கச் சொன்னேனே அண்ணா, எங்கே வைத்தீர்கள் என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன். மன்னிச்சிரும்மா, மறந்துட்டேன் என்றார். காருக்குள் அவரால் ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே சாப்பிட்டார். இரண்டு தட்டு புளிசாதம். என் கணவர் ஹீட்டரை ஏற்றி வைத்து அவருக்கு வறுவலை அள்ளி அள்ளிப் போட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஒரு படத்தை மட்டும் எடுத்து மேலோட்டமாகச் சரிசெய்து ஆன்ட்டிக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது. படம் அருமை, ஆனால் விளக்குக்குப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது, காக்கா உட்கார்ந்த மாதிரி, பொங்கலும் அதுவுமாக அது வேண்டாம், எடுத்துவிடு என்றார். பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணா. அட, ஃப்ரேமுக்குள் வந்து நின்றுவிட்டாரே என்று சலித்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் அழிக்கும் பிரஷை வைத்துத் தேய்த்தேன், அவர் இருந்த இடத்தைப் பக்கத்துப் பனி வந்து மூடிக்கொண்டது. அவருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு புள்ளி. ஏதோ பை என்று நினைத்து அதையும் தேய்த்தேன். சுத்தமாகிவிட்டது. அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அச்சுக்குப் போயாச்சு என்று பதில் வந்தது.

அதோடு விட்டிருந்தால் நான் பொங்கலுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாராட்டு வாங்கப் போயிருப்பேன். எனக்குத்தான் எதையும் விட முடியாதே. நமக்கென்று பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டலாம், பதினோரு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால் வானமும் பனியும் இன்னும் துல்லியமாக வரும் என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி உட்கார்ந்தேன். என் கணவர் சோஃபாவில் குறட்டை.

முதல் படத்தைத் திறந்தேன். விளக்கைத் தாண்டிப் பனிமேல் புள்ளி. தேய்த்தேன். இரண்டாவது படம், அதே இடத்தில் புள்ளி. மூன்றாவது, நாலாவது. எரிச்சலாக வந்தது, என்ன மனுஷன், நகரவே இல்லை என்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன பிறகுதான் சுரீர் என்றது.

நகரவே இல்லை. முப்பது வினாடிப் படத்தில் தலை, தோள், கால் எல்லாம் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருந்தன. மைனஸ் பத்தில் யாராவது அப்படி நிற்பார்களா? நான் கரையில் நின்று குரங்குபோல் குதித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கையைக்கூட ஆட்டவில்லை. ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் பார்த்தேன். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் பதின்மூன்று நிமிடம்.

பிரஷை விட்டுவிட்டு முடிந்த அளவுக்குப் பெரிதாக்கினேன். அவர் நின்றது கல் பாதையில் இல்லை. விளக்கையும் தாண்டிப் பனியில் இறங்கியிருந்தார். அவர் காலுக்கும் கறுப்புத் தண்ணீருக்கும் நடுவில் வெள்ளை கொஞ்சம்தான் இருந்தது. முகம் தண்ணீரைப் பார்த்து. ஆறாவது படம் வரை ஒரு புள்ளி. ஏழாவதிலிருந்து இரண்டு. நிற்கிற புள்ளி கறுப்பிலிருந்து வெளிறிய நீலமாக மாறியிருந்தது. காலடியில் கறுப்பாக ஒன்று மடித்து வைத்திருந்தது. அது பை இல்லை, அவருடைய ஜாக்கெட். என் பேட்டரி ஏன் ஐஸாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

தலையைத் திருப்பினேன். மேஜைக்குப் பக்கத்தில் அந்த இரண்டு நீலப் பெட்டிகள். கைப்பிடியில் தராசு. இந்தியாவுக்குப் போகிறவன் கிரைண்டரைக் கொடுப்பான், கட்டிலைக் கொடுப்பான், காரைக்கூடக் கொடுப்பான். பெட்டியை எப்படிக் கொடுப்பான்? எதில் எடுத்துக்கொண்டு போவான்?

மேலே சத்தம் இல்லை. காலையிலிருந்தே நடமாட்டம் கேட்டதாக ஞாபகம் இல்லை. கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், ஒரு அடி கேட்டால் போதும் என்று. விளக்கு ஆடவில்லை.

சாக்ஸ் காலோடு ஓடினேன். வெளிப் படியில் பனி உறைந்து வழுக்கியது, இரண்டு தடவை முட்டி இடித்தது. கதவைத் தட்டினேன், அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே தட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பூட்டு திரும்பியது. கதவு திறந்து அவர் நின்றார். நேற்றுப் போட்டிருந்த அதே வெளிறிய நீலச் சட்டை.

உள்ளே ஒன்றுமே இல்லை. திரைச்சீலைகூட இல்லை. ஹால் நடுவில் தரையில் பாஸ்போர்ட், அதன்மேல் போன், பக்கத்தில் சாவிக் கொத்து, யாரோ வந்து எடுத்துக்கொள்ள வசதியாக ஒழுங்காக அடுக்கியிருந்தது. சும்மா பேச வந்தவள்போல் கேட்டேன்.

“டிக்கெட் போட்டாச்சாண்ணா?”

“போடணும்மா.”

“பெட்டிய எங்கிட்டக் குடுத்துட்டீங்களே. எதுல எடுத்துட்டுப் போவீங்க?”

அவர் என்னையே பார்த்தார். கோபமாக இல்லை, வருத்தமாகக்கூட இல்லை. ரொம்ப நாள் கழித்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் பார்த்தார்.

“அன்னைக்கே கேப்பீங்கன்னு நெனச்சேன்மா. நீங்க சக்கரம் ஓடுதான்னு கேட்டீங்க.”

இந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் செரிக்க முடியவில்லை. அவர் குற்றம் சொல்லிச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அதற்குமேல் சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. “சாகப் போறீங்களாண்ணா?” என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அவரைத் தனியாக விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போக எனக்குப் பயம். என் போன் கீழே மேஜையில் கிடந்தது. தரையைக் குதிகாலால் ஓங்கி ஓங்கி மிதித்தேன், கீழே தூங்குகிற என் மனுஷனுக்குக் கேட்கட்டும் என்று. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். என்ன என்று கேட்கவில்லை, காலி வீட்டை ஒரு பார்வை பார்த்தார், போய் அண்ணா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தோளில் கை போட்டுக்கொண்டார்.

கீழே எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இங்கே இதற்கென்றே மூன்று இலக்க எண் ஒன்று இருக்கிறது, அதைக் கூப்பிட்டோம். மறுமுனையில் ஒரு பெண் அவசரமே இல்லாமல் பேசினாள். அவர் பள்ளிக்கூடப் பையன்போல் யெஸ் மேடம், நோ மேடம் என்று பதில் சொன்னார். மறுநாள் டாக்டரைப் பார்க்க ஏற்பாடானது. அவர் மனைவியை நான்தான் கூப்பிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, உளறினேன். அவள் கேட்டது இரண்டே விஷயம். சாப்பிட்டாரா என்று கேட்டாள். அவர்ட்டக் குடுங்கக்கா என்றாள்.

ஆறு நாள் அண்ணா எங்கள் விஜயவாடா சோஃபாவில் படுத்தார். நானும் என் கணவரும் மாற்றி மாற்றி விழித்திருந்தோம், அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் என் மூச்சும் நிற்கும். டிக்கெட்டை என் கணவர் போட்டார். செயலாளர் ஆன்ட்டியிடம் படத்தை மாற்ற முடியுமா என்று கேட்டேன், அட்டை அச்சாகிவிட்டது, ஏம்மா, நல்லாத்தானே இருக்கு என்றார். ஆமாங்க ஆன்ட்டி என்றேன்.

நீலப் பெட்டிகளை ஹாலில் திறந்து வைத்து அவருக்குக் கட்டினோம். கொடுத்ததையெல்லாம் வாங்கியவர்களிடம் போய்க் கேட்க முடியாது, அதனால் பெட்டியில் வைக்க ஒன்றுமே இல்லை. பாப்பாவுக்குப் பொம்மை, சாக்லேட், மனைவிக்கு ஒரு ஸ்வெட்டர் என்று நாங்கள் வாங்கி நிரப்பினோம். கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினால் பாதி எடைகூட வரவில்லை. அப்போதுதான் என் கணவர் தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியைக் கேட்டார், அன்றைக்குப் பனியிலிருந்து ஏன் திரும்பி வந்தீர்கள் என்று. நான் அவரை முறைத்தேன். அண்ணா பொம்மையின் டப்பாவை ஓரத்தில் செருகிக்கொண்டே சொன்னார்.

“ஹாரன் அடிச்சீங்கள்ல பாஸ். சாப்பிடக் கூப்பிடுறீங்கன்னு வந்தேன்.”

என் கணவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றார். அந்த ஹாரனுக்காக நாலரை மணி நேரம் அந்த மனுஷனோடு பேசாமல் வந்தவள் நான்.

ஐம்பத்து ஒன்பதாவது நாள் நூவர்க் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். நான்காவது முறையாக மருந்துச் சீட்டு அவர் பாக்கெட்டில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். வாசலில் காரை நிறுத்த விடமாட்டார்கள், பச்சைச் சட்டை போட்ட ஆள் நகரு நகரு என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அண்ணா இரண்டு பெட்டிகளையும் உருட்டிக்கொண்டு போனார். சக்கரம் நன்றாகத்தான் ஓடியது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அவர் போனதும் என் கணவர் திடீரென்று ஹாரனில் கையை வைத்து அழுத்தினார். அதே நீள ஹாரன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பச்சைச் சட்டைக்காரன் கத்திக்கொண்டு வந்தான்.

அண்ணாவும் திரும்பினார். திரும்பி, அப்படியே நின்றார். கை அசையவில்லை, தலை அசையவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள், நடுவில் அவர் மட்டும் நின்றார். என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. முப்பது வரை போகக் கூடாது, போகக் கூடாது என்று எண்ணினேன்.

ஒன்பதில் கையைத் தூக்கினார்.